மூன்று வருடம் கடிக்காத பல்

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை. பல் மருத்துவரா என்றால் இல்லை. பல்லைப் பற்றிய வேலையா என்றால் ஆமாம். சொத்தையை அடைக்கிறார்களே, அந்த அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லியதாக ஒரு பசை இருக்கிறது. அது எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பதும், இன்னும் கொஞ்ச நாள் தாங்கவைக்க வழி தேடுவதும்தான் என் பிழைப்பு. மலேசியாவில், ஈப்போ நகரில் என் அம்மா இதை உறவினர்களிடம் "மகள் பசை காய்ச்சுகிறாள்" என்று சுருக்கிவிட்டார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்தப் பசைதான் என்னைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பியது. மூன்று வருடங்களுக்கு முன்னால் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பல் முகாமில், இருபது சொச்சம் நெசவாளர்களின் முன்பற்களை எங்கள் பசையை வைத்து அடைத்திருந்தார்கள். எத்தனை நிற்கிறது, எத்தனை விழுந்தது என்று எண்ணிக்கொண்டு வர எனக்கு ஐந்து நாள் கொடுத்தார்கள். எண்ணத்தான் போனேன். அங்கே ஒரு பெண் வெள்ளிக்கிழமை தன் முன்பல்லைப் பிடுங்கிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார் என்பதும், அதற்குப் பாதிக் காரணம் நாங்களே என்பதும் போன பிறகுதான் தெரிந்தது.

ஏன் நெசவாளர்கள் என்று கேட்கலாம். தறியில் இழை அறும். அறுந்ததை முடிச்சுப் போட்டால் வால் மிஞ்சும். இரண்டு கையும் இழையில் மாட்டியிருக்க, அந்த வாலை அறுக்க மிச்சமிருக்கும் கருவி முன்பல் ஒன்றுதான். வருடக்கணக்கில் பட்டு நூலைக் கடித்துக் கடித்துப் பல் நுனியில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். பள்ளம் ஆழமானால் கூச்சம், அப்புறம் வலி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அடைத்த பல்லை வெந்நீரிலும் ஐஸ் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கி எடுப்போம், இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்போம். ஆனால் எந்த இயந்திரமும் ஒரு நெசவாளியின் வாய்க்கு ஈடாகாது. காஞ்சிபுரத்தில் நின்ற பசை எங்கேயும் நிற்கும் என்பது எங்கள் பேராசிரியரின் கணக்கு.

திங்கட்கிழமை சென்னை விமான நிலையத்திலேயே வேடிக்கை ஆரம்பித்துவிட்டது. சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து ஓர் இளஞ்சிவப்பு டப்பாவை எடுத்தார்.

"இது என்னம்மா?"

"பல் அச்சு எடுக்கிற மாவு சார்."

மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். புதினா வாசனை. "சாப்பிடறதா?"

"வாயில் வைப்போம். ஆனால் விழுங்கக் கூடாது."

அவர் பக்கத்து மேசைக்காரரிடம், "வாயில போட்டுத் துப்பற ஐட்டமாம்பா" என்றார். அந்த மேசைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல குடும்பத்துப் பெண்ணாகத் தெரிகிறாளே என்ற வருத்தம் அந்தப் பார்வையில் இருந்தது. பல்லைக் காட்டும் கண்ணாடிகளையும் நோயாளிகளின் பட்டியலையும் எடுத்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

காஞ்சிபுரத்தில் என்னைப் பொறுப்பேற்றுக்கொண்டவர் டாக்டர் புவனா. மூன்று வருடங்களுக்கு முன் படிப்பு முடித்த கையோடு அந்த முகாமில் பல் அடைத்தவர். இப்போது சின்ன காஞ்சிபுரத்தில் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். "பசியாறிட்டீங்களா?" என்று எங்கள் ஊர் வழக்கத்தில் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் "மேடம், பசியாறலாமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் ஸ்கூட்டியில் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியும் கேட்காமல், ஊர் பார்க்கும் ஆசையில் நானே பேருந்து ஏறினேன். கண்டக்டரிடம் சின்ன காஞ்சிபுரம் ஒன்று என்றேன்.

"இது ஸ்ரீபெரும்புதூர் வண்டிமா. காஞ்சிபுரத்துலேருந்து காஞ்சிபுரத்துக்கு என்கிட்ட டிக்கெட் கேக்கறியே!"

வண்டியே திரும்பிப் பார்த்தது. வேலைக்குப் போகும் பெண்கள் சீருடையில் நிறையப் பேர் இருந்தார்கள். எங்கே இறங்கி எந்த ஆட்டோவைப் பிடிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எங்கள் ஊரில் பேருந்தில் பயண அட்டையைத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் கடைசி நிறுத்தம்வரை ஒருவரும் நம்மைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். இங்கே ஊர் எல்லையைத் தாண்டி இறக்கிவிடப்படுவதற்குள் எனக்குக் கல்யாணமாகிவிட்டதா என்பதுவரை விசாரித்து முடித்துவிட்டார்கள்.

கிளினிக்குக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் முதலில் வந்தது என்று சண்டையும் நடந்து முடிந்திருந்தது. முதல் ஆள் ஏகாம்பரம். ஐம்பது வயதிருக்கும், கரையைத் தனியாக நெய்து உடலோடு கோர்க்கும் கோர்வைச் சேலை நெய்கிறவர், வாயைத் திற என்றால் பேசுவதற்கு என்று எடுத்துக்கொள்கிறவர்.

"மலேசியாம்மா, முதல்ல ஒண்ணு சொல்லு. பல்லுல எப்படிமா பசை நிக்கும்? எந்நேரமும் எச்சி ஊறிக்கினு இருக்குதே!"

இதைக் கேட்டால் நான் அடங்க மாட்டேன். பல்லின் மேல்தோடு கல் மாதிரி, அதில் பசை ஒட்டினால் லேசில் விடாது என்று ஆரம்பித்தேன். தொல்லையெல்லாம் உள்ளே இருக்கும் மஞ்சள் பகுதியில். அது ஈரமானது. அமிலம் தடவினால் சல்லடை போல நுண்ணிய நார்கள் எழுந்து நிற்கும். பசை அந்த நார்களுக்குள் இறங்கி உறைய வேண்டும். பசை எட்டாத இடத்தில் தண்ணீர் தங்கிவிடும். பல்லுக்குள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் சில நொதிகள் விழித்துக்கொண்டு, அந்த நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஒரு நாள் அடைப்பு கழன்று காப்பியில் விழும். நாங்கள் பசைக்கு முன்னால் ஒரு மருந்துத் தண்ணீர் தடவி அந்த நொதிகளைத் தூங்கவைத்திருக்கிறோம். எவ்வளவு நாள் தூங்கும் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று முடித்தேன்.

ஏகாம்பரம் பொறுமையாகக் கேட்டார். "அப்போ பல்லுக்குள்ளயே பல்லைத் தின்ற பூச்சி இருக்குதுன்னு சொல்லு."

"பூச்சி இல்லை ஐயா. பல்லிலேயே இருப்பது."

"சரி, சொந்தக்காரன்னு வெச்சிக்க."

அவருடைய அடைப்பு பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் கறை இல்லை, விரிசல் இல்லை, நேற்று அடைத்த மாதிரி இருந்தது. அடுத்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்த அம்மாவுக்கும் அப்படியே. நான் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வாய்க்குள்ளும் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவாம் என்று புவனாவைக் கேட்டேன். "பல்லு பாக்க வந்தாங்களா, மாட்டுச் சந்தைக்கு வந்தாங்களான்னு கேக்கறாங்க மேடம்" என்று மொழிபெயர்த்தார்.

மதியத்துக்குள் பட்டியல் முடிந்துவிட்டது. ஒன்றுகூட விழவில்லை. முகாமில் இருந்தவர்களில் ஒருவர்தான் வரவில்லை, முசரவாக்கத்திலிருந்து வந்து போகும் சுந்தரி. புவனா போன் செய்தார். ஜுரம் என்றார்களாம். எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஓர் ஆள் குறைந்தது பெரிதாகத் தெரியவில்லை. பேராசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் வாழ்த்தினார். பிறகு, "ஒன்றுகூடவா விழவில்லை? நம் பசையா அது?" என்றார். நாற்பது வருடம் பசையோடு வாழ்ந்தவருக்கு அதன்மேல் இருக்கும் நம்பிக்கை அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை, பசியாற, கோயில் இட்லி. ஆவியோடு இலை வாசனையும் சுக்கு வாசனையும் வந்தன. அசந்த நேரத்தில் ஒரு முழு மிளகு கடைவாய்ப் பல்லில் மாட்டி வெடித்தது. ஈப்போவில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் ஊறவிட்டுப் பல்லுக்கு ஒரு வேலையும் வைக்காமல் பழகிய வாய் எனக்கு. இந்த ஊர்க்காரர்களுடைய பற்களை நினைத்து மரியாதை வந்தது. கேட்டு வாங்கி இன்னொன்றும் சாப்பிட்டேன்.

அங்கிருந்து ஏகாம்பரம் வீட்டுக்குப் போனோம். அடைத்த பல் வேலை செய்வதைப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நானேதான் கேட்டிருந்தேன். வாசல் அறை முழுக்கத் தறிதான். அவர் இந்தப் பக்கம், எதிர்ப்பக்கத்தில் அவர் மனைவி கரைக்கான இழை சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளிக்கொடுத்தபடி. நெய்த பகுதி சுருண்டிருக்கும் மரத்தின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. கால் மணி நேரத்தில் ஓர் இழை அறுந்தது. நான் போனைத் தூக்கிக்கொண்டு தயாரானேன்.

ஏகாம்பரம் முடிச்சுப் போட்டார். குனிந்தார். கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்பி, வாயைக் கோணலாக்கி, ஓரத்துப் பல்லால் வாலைக் கடித்து அறுத்தார். பசை விளம்பரத்துக்கு உதவாத படம்.

"ஐயா, நடுப்பல்லால கடிக்கிறது இல்லையா?"

"எது, டாக்டரம்மா கட்டுன பல்லாலயா?" அவர் பதறிப்போய் நிமிர்ந்தார். "அதுல கடிப்பாங்களா?"

"மூன்று வருடமாகவா?"

"ஒரு நூலு கடிச்சதில்லமா. சத்தியமா."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. முகாமின் கடைசி நாளில் புவனா எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்: மூன்று வருடம் கழித்து மலேசியாவிலிருந்து வந்து பார்ப்பார்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர்கள் எல்லோரும் எல்லா இடத்திலும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் சொன்ன இடம் காஞ்சிபுரம்.

ஏகாம்பரம் வெள்ளைத் துணியைத் தொட்டுக் காட்டினார். "சேலை அறுத்துக் குடுக்கற வரைக்கும் இத்த எப்படி வெச்சிக்கினு இருக்கோம் பாரு. ஒரு சொட்டு காப்பி பட்டுதுன்னா சொசைட்டில விரிச்சிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவான். பல்லும் அப்படித்தானே? நீ கடல் தாண்டி வந்து பாத்து, கறை இருக்குது, கீறல் இருக்குதுன்னா நான் இன்னா பதில் சொல்றது?"

"அது உங்கள் பல் ஐயா!"

"பல்லு என்னுதுதான். கட்டுனது உங்களுது."

அவர் வாயைத் திறக்கச் சொன்னேன். நேற்று நான் நடுப்பல்லை மட்டுமே பார்த்து மகிழ்ந்திருந்தேன். பக்கத்துப் பல்லில் புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எங்கள் அடைப்பைக் காப்பாற்ற ஒரு நல்ல பல்லைக் காவு கொடுத்திருந்தார். தெருவில் மற்றவர்களையும் பார்த்துக்கொண்டு போனோம். எல்லோரும் ஒரே மாதிரி. ஒரு அம்மா முறுக்குகூட அந்தப் பக்கம் போகாமல் தின்னப் பழகியிருந்தார். ஈப்போவில் எங்கள் வீட்டு சோபாவின் பிளாஸ்டிக் உறையை அம்மா பதினெட்டு வருடமாகக் கழற்றாததை நினைத்துக்கொண்டேன். என் மூன்று வருட ஆய்வும் உறைக்குள் இருந்தபடியே முடிந்திருந்தது. இதைப் பேராசிரியரிடம் வேறு சொல்லியாக வேண்டும். புவனா தலையில் கை வைத்துக்கொண்டு, "பத்திரம்னு ஒரே ஒரு வேர்டுதான் மேடம் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"யாருமே கடிக்கவில்லையா?" என்று ஏகாம்பரத்திடம் கடைசியாகக் கேட்டேன்.

அவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவிதான் சொன்னார். "சுந்தரி கடிச்சா. அவளுக்கு வேற வழி இல்ல, பாவு பிணைக்கறவ. நாலஞ்சி மாசம் முன்ன உடைஞ்சிப் போச்சி. அதான் உங்க மொகத்துல முழிக்காம இருக்கறா. வலி தாங்கல, வெள்ளிக்கெழம புடுங்கிடப் போறாளாம்."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். பிணைப்பது என்றால், முடிந்துபோகும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்ப்பது. ஆயிரக்கணக்கில் இழைகள். விரலும் பல்லும் ஓயாது. அந்த வாய்க்குப் புதன்கிழமை மதியத்துக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவே ஒரே ஒரு நாள்தான் இருந்தது. புவனா போன் செய்தார், எடுக்கவில்லை. மறுபடி செய்தார், அணைத்துவைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஸ்கூட்டியில் முசரவாக்கத்துக்குக் கிளம்பினோம். பாதி வழியில் பின்சக்கரம் இறங்கிப்போனது. நல்லவேளையாக நடந்துபோகும் தூரத்தில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் ட்யூபைத் துடைத்தார், உப்புக் காகிதத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார், பசை தடவினார், அப்புறம் சும்மா நின்றார்.

"ஒட்டலியா?" என்றார் புவனா.

"ஜல்தி பண்ணா நிக்காதுமா. காயணும். ஈரம் இருந்துதுன்னா நாளைக்கே புட்டுக்கும்."

நானும் புவனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதையேதான் நான் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் படித்தேன். இவருடைய ட்யூப் காய்கிறது, எங்களுடைய பல் காய்வதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அவர் கடை வாசலில் நின்ற அந்தப் பத்து நிமிடமும் எனக்குத் தொழில் பேச ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

சுந்தரி வீட்டில்தான் இருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முறத்தில் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். மூடிய வாயோடு வாங்க என்றார். உட்காரச் சொன்னார், மோர் கொண்டுவந்து கொடுத்தார். தான் குடிக்கவில்லை. ஜுரம் எப்படி இருக்கிறது என்று புவனா கேட்டார். தேவலை என்றார். முந்தானை கீழே இறங்கவே இல்லை.

"சுந்தரிக்கா, பல்லைக் காட்டுங்க."

"ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லாத்தான் இருக்குது."

"நாளைக்குப் புடுங்கறதா சொன்னாங்க."

அவர் பருப்பிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். அப்புறம் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். "எல்லாரும் எப்படிப் பத்திரமா வெச்சிக்கினு இருக்காங்க. நான் மறுநாளே கடிச்சிட்டேன்மா. நெனச்சி நெனச்சி நிறுத்துவேன், கை வேகத்துல மறந்துரும். கத்தரிக்கோல் எடுன்றாங்க. ரெண்டு கையும் இழையில இருக்குது, கத்தரிக்கோலை எந்தக் கையால புடிக்கறது? ஒடஞ்சது தெரிஞ்சா அடுத்த முகாமே போட மாட்டாங்க, உன்னால எல்லாருக்கும் போச்சின்னு தெருவுல சொல்லிட்டாங்க. பல்லே இல்லன்னா யாரு இன்னா கேக்கப் போறாங்க? அதான் புடுங்கிடலாம்னு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாங்கள் எதற்காக மூன்று வருடம் காத்திருந்தோமோ அதை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள், குற்றவாளி மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "நீங்கள் ஒன்றும் கெடுக்கவில்லை. நீங்கள் ஒருவர்தான் கடித்தீர்கள். மற்றவர்கள் எல்லோரும் என்னை ஏமாற்றிவிட்டார்கள், அன்பினால்தான் என்றாலும். உடைவதைப் பார்க்கத்தான் நான் வந்ததே" என்றேன்.

"ஒடையறத பாக்கவா மலேசியாலேருந்து வந்தீங்க?"

"சத்தியமாக."

எனக்கு மூளை கலங்கிவிட்டதோ என்ற சந்தேகத்தோடு புவனாவைப் பார்த்தார். புவனா ஆமாம் என்று தலையாட்டினார். அப்போதுதான் முந்தானை இறங்கியது. நடுப்பல்லின் நுனியில் எங்கள் அடைப்பு இருந்தது, ஆனால் கோணலாக, சுற்றிலும் பனிக்கட்டி போல வெள்ளையாக ஏதோ படிந்து.

"விழுந்தத எதை வெச்சி ஒட்டினீங்க?" புவனாவின் குரல் இறங்கிவிட்டது.

"செருப்பு ஒட்டற பசை. பொட்டிக்கடைல விப்பாங்களே, சின்ன ட்யூப்பு. ரெண்டு வாட்டி ஒட்டிக்கினேன்." அவருக்கே கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு மாசம் நின்னுச்சுமா."

பெட்டிக்கடைப் பசையோடு எனக்குப் போட்டி வந்துவிட்டது. ஆனால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பசை உள்ளே இறங்கிப் பல்லின் நரம்பைக் கெடுத்திருக்கலாம். நரம்பு போயிருந்தால் கதை வேறு. புவனா அதைச் சுந்தரியிடம் மறைக்காமல் சொன்னார். நாளைக்குப் பிடுங்குவதற்குமுன் ஒரு தடவை கிளினிக்குக்கு வாருங்கள், உயிர் இருந்தால் காப்பாற்றிவிடலாம் என்றார். வருகிறேன் என்றும் சொல்லாமல், வரவில்லை என்றும் சொல்லாமல், சுந்தரி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை எனக்குச் சென்னைக்குப் பேருந்து. காலை பத்து மணிவரை யாரும் வரவில்லை. பதினொன்றும் ஆனது. ஏகாம்பரம் சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று வந்து உட்கார்ந்துகொண்டார். தெலுங்குப் பெண்கள் இருவரும் அப்படியே சும்மா வந்தார்கள். தெருவுக்கே மனசு உறுத்தியிருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சுந்தரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படி ஏறினார். ஏகாம்பரம் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவருக்கு அதைவிடப் பெரிய மன்னிப்பு கேட்கத் தெரியாது என்று நினைக்கிறேன்.

பல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஊசி மூடியில் தண்ணீர் ஊற்றி உறையவைத்தால் ஒரு சின்ன ஐஸ் குச்சி கிடைக்கும். அதைப் பல்லில் வைக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால் நரம்பு செத்துவிட்டது. வலி வந்து போகாமல் நின்றால் செத்துக்கொண்டிருக்கிறது. சுரீரென்று வந்து உடனே போய்விட்டால் தப்பித்தது. புவனா இதைச் சுந்தரிக்குச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். பெட்டிக்கடைப் பசையைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார். அரிசிமணி அளவுக்கு எங்கள் அடைப்பு கழன்று என் கையில் இருந்த கிண்ணத்தில் விழுந்தது. பிறகு ஐஸ் குச்சியை எடுத்தார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஏகாம்பரமும்தான். குச்சி பல்லில் பட்டது. ஒன்றும் இல்லை. புவனா என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. குச்சியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார்.

"ஐயய்யோ! அம்மா!" சுந்தரி நாற்காலியில் துள்ளிவிட்டார்.

"இன்னும் வலிக்குதா? அக்கா, சொல்லுங்க, இன்னும் இருக்குதா?"

"இல்ல... போயிடுச்சி." கண்ணில் நீர் முட்டியிருந்தது. "போயிடுச்சி டாக்டர்."

ஒரு பெண் வலியில் அலறியதற்கு ஓர் அறையே கைதட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சுந்தரிக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் நிஜமாகவே அழுதார். நானும் அழுதேன். பசைக்காரிகள் அழக் கூடாது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

புவனா புதிதாக அடைத்துக்கொண்டிருக்க, நான் அந்த அரிசிமணியைத் துடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஓரங்களில் எங்கள் பசை பல்லின் கல்தோட்டைச் சீவலாகப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது, அங்கே விடவே இல்லை. நடுவில், அந்த ஈரமான மஞ்சள் பகுதியில்தான் வழுவழுவென்று விட்டிருந்தது. நொதிகள் தூங்கினவா, விழித்துக்கொண்டனவா என்று பெரிய கருவியில் வைத்தால்தான் தெரியும். ஆனால் மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மை அதுதான். பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மற்றவர்களிடம் இனிமேல் அடைத்த பல்லால் தாராளமாகக் கடிக்கலாம், உடைந்தால் புவனா மறுபடி அடைத்துத் தருவார், யாரையும் யாரும் குறை சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏகாம்பரம் யோசித்தார். "சரி. ஆனா மொதல்ல ஒரு மாசம் சும்மா பழக்கிக்கறேன்" என்றார். சுந்தரியிடம் மட்டும், இன்று ஒரு நாள் அந்தப் பல்லுக்கு வேலை கொடுக்காதீர்கள், நாளையிலிருந்து உங்கள் இஷ்டம் என்றேன். சரி சரி என்று தலையாட்டினார்.

மாலையில் பேருந்து நிலையத்துக்கு அவரும் வந்தார். முசரவாக்கத்துக்கு அவருக்கும் அங்கேதான் வண்டி. என் பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியை ஏற்ற நான் கையைத் தூக்கியபோது, சுந்தரி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். சட்டைக் கையில் தையல் விட்டு நூல் ஒன்று தொங்கியது போலிருக்கிறது. நான் என்னவென்று பார்ப்பதற்குள் குனிந்தார். நறுக்கென்று ஒரு சத்தம். நூல் அவர் உதட்டில் இருந்தது.

"சுந்தரி!" நான் போட்ட சத்தத்தில் பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிப்போனது. முந்தானைக்குப் போன கை பாதியில் நின்றது. அதை இறக்கிவிட்டு, அத்தனை பேர் நடுவில், கழுத்தை நிமிர்த்தி அவராகவே வாயை அகலமாகத் திறந்தார். நான் போன் விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தேன். நுனியைத் தொட்டேன், நகத்தால் தட்டினேன், பக்கவாட்டில் அசைத்தேன்.

"வண்டி போவுதுமா! பல்லு அப்புறம் பாக்கலாம்!" என்று கண்டக்டர் கத்தினார்.

"நிக்குதா?" என்றார் சுந்தரி, வாயைத் திறந்தபடியே.

"நிக்குது."

நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி வளைந்து வெளியே போகும்வரை, அவர் வாயை மூடவே இல்லை.